அளவில்லாத மச்சான்

மக்கோலா மீன் சந்தையில் பொழுது விடிகிறது. கருவாட்டுக் கூடையில் மீன்காரி செர்வாவின் போன் சாய்ந்து நிற்கிறது. தூரத்துக் குமாசி ஊரில் அவள் தம்பி மகளுக்குப் பெயர் வைப்பது அதில் நேரலையில் ஓடுகிறது. தன் பெயரைத்தான் வைப்பார்களா என்று திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்க்கிறாள். பக்கத்தில் அரிசிக்கடைக்காரர் ஓபெங், கணவனின் அண்ணன், தன் போனை உயர்த்துகிறார்.

"ஒரு மணி நேர டேட்டா பேக்கா? என்னுது மாசம் பூரா அளவில்லாதது!"

"எனக்குப் பாக்க வேண்டியது இது ஒண்ணுதான் மச்சான்."

ஆனால் நாலே நாள் பந்தாட்டம் பார்த்ததில் அவருடைய அளவில்லாதது ஏற்கெனவே வேகம் குறைந்து ஆமையாகிவிட்டது. அவர் திரையில் வட்டம் சுற்றுகிறது. அவள் திரையில், பெயர் வைக்கும் வழக்கப்படி, குழந்தையின் நாக்கில் தண்ணீர்த் துளி, அடுத்து சாராயத் துளி. பிஞ்சு முகம் சுளிக்கிறது.

"செர்வா!" என்று குமாசி கூவுகிறது. சுற்றியுள்ள மீன்காரிகளின் குலவையில் பெயர் அமிழ்ந்துபோகிறது.

"என்ன பேரு? என்ன பேரு?" அளவில்லாதவர் கூடைமேல் எக்குகிறார்.

"என் பேருதான். தள்ளி நில்லுங்க மச்சான், உங்க நிழல் விழுது."