புகைக்கு வரும் தண்ணீர்

காட்டில் எங்கே புகை எழுந்தாலும், யாரையும் கேட்காமல் டிரோன் தானாகவே பறந்து வந்து தண்ணீரைக் கொட்டும். அந்த மலைக்கு இருந்ததே ஒன்றுதான். வனக்காவலர் குடியிருப்பில் குழாய் வற்றி மூன்று மாதமாகிறது. அதனால் பெண்கள், காவலுக்குப் போகும் கணவன்மாருக்கும் தெரியாமல் முறை வைத்து, வாரத்துக்கு ஒரு வீட்டு முற்றத்தில் புகை போட்டார்கள். அதிகாரிகள் கேட்டால், "பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுனோம் சார்" என்பார்கள்.

இன்று பவுனுத்தாயின் முறை. குடங்களை வரிசையாக வைத்து, தணலில் ஒரு பிடி சாம்பிராணியைத் தூவிவிட்டு, கைக்குழந்தையோடு வானத்தைப் பார்த்து நின்றாள்.

வீட்டுக்குள் வயர்லெஸ் பெட்டி கரகரத்தது. காவலுக்குப் போன அவள் கணவன் வெயிலுமுத்துவின் குரல்.

"மேக்குச் சரிவுல தீ ஏறுது சார். தண்ணி அனுப்புங்க, சீக்கிரம்!"

அவள் பதறிப்போய்த் தணலை வெறுங்காலால் மிதித்தாள். பாதம் பொத்துப்போனது. அதற்குள் டிரோன் தலைக்கு மேலே வந்துவிட்டது.

"இங்க இல்ல, அங்க போ! போய்த் தொலை!"

குடங்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன.

"வெயிலுமுத்து, டிரோன் குடியிருப்புல கொட்டிருச்சுய்யா," என்றார் கட்டுப்பாட்டு அறைக்காரர். "உன் வீட்டுல தீன்னு காட்டுது."

"ஐயோ, பிள்ளை இருக்கே! தீக்குள்ள பூந்து குறுக்கால இறங்குறேன் சார்."

"ஏங்க, இறங்காதீங்க! பிள்ளை நல்லாத்தான் இருக்கு!"

பெட்டியை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கத்தினாள். வீடுகளுக்குக் கொடுத்திருந்த பெட்டியில் கேட்க மட்டும்தான் முடியும்.