நான்கு மடிப்பு

காஜா பேராங் தெருவில் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகள் இன்னும் ஆடுகின்றன. இந்த வீட்டு வாசலில் மட்டும் கூடவே மாவிலைத் தோரணம். உள்ளறையில் பொன்னம்மா துவைத்துத் துவைத்து மிருதுவாகிப்போன மாவுச்சாக்குத் துணியை மடித்து, செய்தித்தாளின் மேல் வைத்து, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுகிறாள். நான்கு மடிப்பில் தாள் நனைகிறது. எட்டு மடிப்பில் நனையவில்லை. ஆனால் அதைச் சுற்றிப் பட்டு வேட்டி கட்டினால் கணவர் அப்பாசாமிக்குப் பின்புறம் புடைத்து நிற்கிறது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குச் சிறுநீரை அடக்க முடிவதில்லை. இன்று மணையில் உட்கார்ந்து மகளைத் தாரை வார்க்க வேண்டும்.

“சபையில எல்லாரும் பார்ப்பாங்க. மெல்லிசாவே கட்டு” என்கிறார்.

“தாலி கட்டுற வரைக்கும் தாங்காதுங்க.”

“காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. எங்கேருந்து வரப்போகுது?”

அவள் நான்கு மடிப்பையே கட்டி, வேட்டியைச் செருகிவிடுகிறாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவர் கண்ணாடி முன் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கிறார். முகம் தெளிகிறது. “பாரு, ஒன்னுமே தெரியல.” வாசலில் நாதஸ்வரம் தொடங்குகிறது. பொன்னம்மா தரையைப் பார்க்கிறாள். அவர் குதிகாலைச் சுற்றிச் சிமெண்டு மெல்லக் கறுத்துக்கொண்டு வருகிறது. அவர் இன்னும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.