உறுமட்டும்

நாய்க்குட்டியை மார்போடு அணைத்தபடி நேராக வீட்டுக்குள் நுழையப்போன டிரைவரை, அவள் வாசற்படியில் கையை நீட்டி மறித்தாள்.

"முதல்ல தெருவுல நடக்கணும். அப்புறந்தான் உள்ள."

டவுன் பஸ் ஓட்டுகிறவர். கை காட்டினால் நிற்பது பழகிப்போனவர். நின்றார்.

அம்மாதான் வாயைப் பிளந்தாள். இந்தப் பெண் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு அந்த நாலும் குறைந்துபோயிருந்தது.

அவள் மேஸ்திரியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மேஸ்திரி என்பது வீட்டு நாய்க்கு அப்பா வைத்த பேர். தான் ஒரு துரும்பையும் அசைக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் கவனித்துக்கொண்டிருக்கும் என்பதால். அப்பா செத்துப்போன பிறகு மேஸ்திரிக்குக் கவனிக்க வேண்டியது கூடிப்போயிற்று.

தெருமுனைக் குழாய்வரை போய்த் திரும்பினார்கள். இந்தப் பக்கம் அவளும் மேஸ்திரியும், அந்தப் பக்கம் டிரைவரும் குட்டியும்.

புதுசாகச் சந்திக்கிற நாய்களை நேருக்கு நேர் பார்க்க விட்டால் வம்பு. பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் மிச்சத்தை மூக்கு பார்த்துக்கொள்ளும்.

அவளும் டிரைவரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஏதாவது கேட்டால் குட்டியைப் பார்த்தே பதில் சொன்னாள்.

திரும்பி வந்தபோது அம்மா புதுப்புடவை கசங்காமல் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

துடைப்பத்துக்குக் காரணம் இருந்தது.

முன்பெல்லாம் மேஸ்திரி உறுமும். உறுமும்போதெல்லாம் முதுகில் ஒன்று விழும். நல்ல நாய் உறுமாது என்பது அம்மாவின் கட்சி. அடி வாங்கி வாங்கி அது உறுமலை விட்டுவிட்டது. ஒருநாள் கேஸ் சிலிண்டர் போட வந்தவர் தெரியாமல் வாலை மிதித்தார். மேஸ்திரி ஒரு சத்தமும் இல்லாமல் அவர் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.

இன்னொரு தடவை பல் பட்டால் நாய் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

சத்தமே போடாமல் கடித்துவிட்டதே என்று எல்லாரும் அதிர்ந்துபோனார்கள். சத்தம் போட்டபோது அடித்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவள் யாருக்கும் தெரியாமல் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து மேஸ்திரிக்குப் பழையபடி பேசக் கற்றுக்கொடுத்தாள். அது சாப்பிடும்போது கையைத் தட்டுக்கு அருகே கொண்டுபோவாள். அதன் உதடு லேசாகச் சுழித்தாலே கையை எடுத்துவிடுவாள். தொண்டைக்குள்ளிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்த அன்று, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இப்போது உள்ளே வந்ததும், டிரைவர் குட்டியைக் கீழே விட்டார். மேஸ்திரி தன் நசுங்கிய அலுமினியத் தட்டில் தலையைக் கவிழ்த்திருந்தது.

குட்டிக்கு என்ன தெரியும்? ஓடிப்போய் அதே தட்டுக்குள் மூக்கை நுழைத்தது.

மேஸ்திரி உறுமியது. பஸ் மேடேறுவதுபோல ஒரு சத்தம்.

"ஐயய்யோ, குட்டியத் தூக்குங்க!" என்று டிரைவர் பாய்ந்தார். அம்மாவின் துடைப்பம் மேலே போனது.

அவள் நடுவில் வந்து நின்றாள்.

"யாரும் கிட்ட வராதீங்க. உறுமட்டும்."

"கடிச்சிடும்டி!"

"கடிக்கிறதா இருந்தா ஏன்மா உறுமுது? என் தட்டுன்னு சொல்லுது. சொன்னா அடிப்பியா?"

துடைப்பம் மேலேயே நின்றது.

குட்டி மூக்கில் ஒட்டிய சோற்றோடு நிமிர்ந்து பார்த்தது. காதைத் தாழ்த்தியது. இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குக் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. விஷயம் புரிந்தது, அவ்வளவுதான்.

மேஸ்திரி ஒரு பருக்கை விடாமல் தின்று, தட்டை வழித்து நக்கிவிட்டு, தையல் மெஷினுக்கு அடியில் தன் சாக்கில் போய்ப் படுத்தது. குட்டியும் பின்னாலேயே போனது. சாக்கு தொடங்குகிற இடத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்று, வெறுந்தரையில் சுருண்டுகொண்டது. மேஸ்திரி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

டிரைவர் பெருமூச்சு விட்டார். சிரித்தபடி அவள் தலையைத் தடவக் கையை நீட்டினார்.

"அடேயப்பா! நம்ம பட்டுவுக்கு இவ்வளவு பேச வருமா!"

அந்தப் பேரை அவருக்கு அம்மாதான் சொல்லியிருக்க வேண்டும்.

அவள் தலையை விலக்கிக்கொண்டாள். தொண்டைக்குள் ஏதோ கரகரத்தது.

"பட்டுன்னு கூப்பிடாதீங்க. அது எங்க அப்பா கூப்பிடுற பேரு."

"ஏய்! முதல் நாளே என்ன பேச்சு இது?" அம்மாவின் துடைப்பம் மறுபடி உயர்ந்தது.

டிரைவர் அந்தக் கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"விடு. உறுமட்டும்."

பிறகு அவள் பக்கம் திரும்பி, "அப்ப உன்னை எப்படிக் கூப்பிட?" என்று கேட்டார்.

அவள் முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்."

அவர் தலையாட்டினார். காலையில் பதிவு அலுவலகத்தில் அம்மாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, நேராக அங்கிருந்து வந்தவர். அவருடைய தகரப்பெட்டி இன்னும் கேட்டுக்கு வெளியேதான் இருந்தது. போய் எடுத்துவந்தார்.

வந்தவர் வாசற்படியில் நின்றார். பெட்டியைக் கீழே வைக்கவில்லை. உள்ளேயும் வரவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கொஞ்ச நேரம் நிற்க விட்டாள்.