வலது முட்டி

உடல்தானம் செய்தவர்களின் குடும்பத்தாரை வருடத்துக்கு ஒருமுறை எங்கள் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்து மரியாதை செய்வார்கள். இந்த வருடம் சால்வை வாங்கிக்கொண்ட ஓர் அம்மா நேராக என்னிடம் வந்தார். அவருடைய கணவரின் உடல் பிணவறுப்புக் கூடத்தில் நாலாம் மேசையில் இருப்பதை உதவியாளர் யாரோ சொல்லி, என்னையும் கைகாட்டியிருக்கிறார்.

“நீதான் அவரை அறுத்துப் படிக்கிற பொண்ணாம்மா?”

தலையசைத்தேன். எவ்வளவு கழுவினாலும் ஃபார்மலின் வாடை போகாத கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

“வலது முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டே இருப்பாரு. வேலைக்கு டிமிக்கி குடுக்க நடிக்கிறாருன்னு மூணாவது மாடிக்குக் குடம் குடமா தண்ணி தூக்க வச்சேன். டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போகல. நீ உள்ள பாத்திருப்பியே. ஏதாச்சும் இருந்துச்சா?”

போன வாரம்தான் அந்த மூட்டைத் திறந்திருந்தோம். குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசி, அரைத்துத் தேய்ந்த அம்மியைப் போல வழவழத்துக் கிடந்தது. பேராசிரியர் மற்ற மேசைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருந்துச்சு.”

அவர் முகம் தெளிந்தது. “நான் அப்பவே சொன்னேன். கடைசி வரைக்கும் என்னை ஏமாத்திட்டாரு மனுசன்,” என்று சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் எங்களுக்குப் பாதத்தை அறுக்கும் வகுப்பு. அடியில் மரக்கட்டை வைப்பதற்காக, என்னோடு படிக்கும் ஜெரினா நாலாம் மேசையில் கிடந்தவரின் வலது காலைச் சட்டென்று தூக்கினாள்.

“மெதுவாத் தூக்கு,” என்றேன். “அவருக்கு முட்டி வலி.”