புளித்த கடல்

இராஜகுமாரி டீச்சர் தூக்கியதும், சிப்பி இரண்டு விரல்களுக்கு நடுவே பொடிந்துபோனது.

வெள்ளிக்கிழமை புளிப்பு வினாகிரியில் போட்டபோது நகத்தால் தட்டினால் சத்தம் வந்தது. சனி ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தால் இந்தக் கோலம்.

“பாத்தீங்களே பிள்ளையள்? கடலுக்குள்ளையும் இதுதான் நடக்குது, மெல்ல மெல்ல.”

எட்டாம் வகுப்பு அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

புகை வானத்துக்குப் போகிறது, அதில் ஒரு பங்கைக் கடல் விழுங்குகிறது, விழுங்கி விழுங்கியே கடல்நீர் அமிலப் பக்கம் சாய்கிறது, ஓடு கட்ட முடியாமல் சிப்பியும் சங்கும் பவளமும் திண்டாடுகின்றன. இதையெல்லாம் வெள்ளிக்கிழமையே சொல்லியாகிவிட்டது. பாடப்புத்தகத்தில் இல்லாத பாடம். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் படித்துவிட்டு அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

மஸ்கெலியாவுக்கு மேலே, நீர்த்தேக்கத்தைத் தவிர வேறு பெருந்தண்ணீர் பார்த்திராத பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று அதிபர்கூடக் கேட்டார்.

எதற்கென்று அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் முடியாது.

போன மார்கழியில், கடல் பொங்கி ஊருக்குள் வந்த அன்று, வடமராட்சிக் கரையில், அவளுடைய மகன் கோபிசங்கரைக் கடல் கொண்டுபோனது. ஒன்பது வயது. உடம்பு கிடைக்கவில்லை.

கடல் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து மாற்றம் வாங்கிக்கொண்டு இந்த மலைக்கு வந்தாள். வந்த நாள் முதல் இங்கே ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஐயோ பாவம் என்று பார்க்கும் கண்களை அவளால் தாங்க முடியாது.

ஞாயிறுதோறும் பஜாரில் இருக்கும் கொமியூனிகேஷன் கடைக்குப் போய், டெலிபோன் கூண்டுக்குள் நின்று புருஷனோடு பேசுவாள். ஆண்டுத் திவசம் வருகிறது, இந்த லீவுக்காவது வந்து கரையில் இரண்டு பூப் போட்டுவிட்டுப் போ என்று மனுஷன் கெஞ்சுவான். வரவே மாட்டேன் என்பாள். நேற்றும் அதைத்தான் சொன்னாள். அந்தக் கூண்டுக்குள் வாய்விட்டு அழுதாலும் வெளியே முறைக்குக் காத்து நிற்கும் தோட்டத்துச் சனத்துக்குக் கேட்காது என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

போய் எதைப் பார்ப்பது? அந்தத் தண்ணீருக்குள் பிள்ளையில் இன்னும் என்ன மிச்சம் இருக்கும்?

அந்த ஒரு கேள்விதான் இரவு பகலாக அவளைத் தின்றது. அதற்காகத்தான் இந்தப் பாடம். கடல் ஒன்றும் வினாகிரி இல்லை என்று விஞ்ஞான டீச்சருக்குத் தெரியாதா? தெரியும். மனது கேட்டால்தானே! இந்தச் சோதனைக்கு முட்டைக் கோதே போதும் என்று தெரிந்தும், மகன் வீட்டில் விட்டுப்போன காற்சட்டைப் பையில் கிடந்த சிப்பியை எடுத்துக் கண்ணாடி முகவைக்குள் போட்டவள் அவள். பைத்தியக்காரிதான், வேறென்ன.

வெள்ளிக்கிழமை ஒருத்தி மட்டும் கேள்வி கேட்டாள். கடைசி வாங்கில் இருக்கும் சீதாலெட்சுமி.

“எலும்பும் சுண்ணாம்பு மாதிரிதானுங்களா டீச்சர்?”

ஓம் என்று சொல்லிவிட்டு டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒன்றும் எழுதியிராத பலகையை நெடுநேரம் அழித்தாள்.

இன்று அந்தக் கேள்விகூட இல்லை. பாடம் நடக்கும்போதே வாங்குக்கு அடியில் தலையை விட்டுக் கொய்யாக்காய் கடிக்கும் நிரோஷன், கையைக் கட்டிக்கொண்டு சாமி மாதிரி உட்கார்ந்திருந்தான். இப்படி அடங்கி இருக்கிற பிள்ளைகளே இல்லை இதுகள். அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு முகவையைக் கழுவி வைத்தாள்.

மணி அடித்தது. எல்லாரும் போனார்கள். சீதாலெட்சுமி மட்டும் போகவில்லை.

கனத்த சொப்பிங் பை ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேசைமேல் வைத்தாள். உள்ளே சாம்பல் வெள்ளையில் ஏதோ தூள்.

“டொலமைட்டுங்க டீச்சர். மண்ணு புளிச்சுப்போனா கவ்வாத்து வெட்டுன தேயில மலையில இதத்தான் போடுவாங்க. புளிப்பு எறங்கிரும். லீவுக்கு ஊருக்குப் போறப்ப கடல்ல போட்டுருங்க.”

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அசட்டுப் பிள்ளை!

“அவ்வளவு பெரிய கடலுக்கு இது எந்த மூலைக்கம்மா காணும்?”

சீதாலெட்சுமி சிரிக்கவில்லை.

“கடல் முழுக்க வேணாங்க டீச்சர். எங்க அக்கா கெடக்குற எடத்துக்கு மட்டும். காலிப் பக்கம் ஒரு வீட்டுல வேலைக்கு நின்னுச்சு. கடல் வந்த அன்னைக்குப் போனதுதான். இன்னும் கெடைக்கல.”

டீச்சரின் சிரிப்பு பாதியிலே நின்றுபோனது. இந்த மலையில் கடலுக்கு ஆளைக் கொடுத்தவள் தான் ஒருத்திதான் என்று இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாளே, பாவி! தினமும் கண்ணுக்கு முன்னால் இருந்த பிள்ளையின் முகத்தை ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்தாளா?

நான் போவதென்றாலும் வடக்குக் கரைக்குத்தான், காலி தெற்கில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். பாதிதான் வந்தது. பிள்ளை விளங்கிக்கொண்டாள்.

“எங்க போட்டாலும் தண்ணி ஒண்ணுதானுங்களே டீச்சர்.”

பிறகு பையை டீச்சர் பக்கமாக நகர்த்தினாள்.

“நெறையவே இருக்கு. நிரோஷனும் மத்த புள்ளைங்களும் ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டாங்க. ஒங்க மகனுக்கும் சேத்துப் போட்டுருங்க.”