நாலாவது பெஞ்ச்

ஆராதனை எட்டு மணிக்கு. டீச்சர் மூன்று வாரமாக ஆறரைக்கே சர்ச்சுக்கு வந்துவிடுகிறாள்.

நாலாவது பெஞ்சின் நடுவில் உட்காருவாள். கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி, இரண்டு கைகளையும் அகல விரிப்பாள். கடைசிப் பாட்டு வரை அசையமாட்டாள்.

"டீச்சரைப் பாருங்க, அதுதான் பக்தி! இனிமே பெண்கள் ஜெபக்குழுவுக்கு அவங்கதான் தலைவி" என்று போன ஞாயிறு போதகர் அறிவித்துவிட்டார்.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்ச்சுக்குள்ளேயே பொய்யா? உண்மையைச் சொல்லிவிட இந்த வாரம் ஆறு மணிக்கே வந்தாள்.

நாலாவது பெஞ்சில் போதகரின் மனைவி! பக்கத்தில் நர்ஸக்கா, தையல்கார அக்கா. மூவருக்கும் முகம் மேலே, கைகள் அகலமாக.

"அம்மா, மன்னிச்சிடுங்க. நான் பக்தியில இப்படி உக்காரல. எனக்கு மாசக் கணக்கு தாறுமாறானதுலேர்ந்து..."

"உடம்பு திடீர் திடீர்னு அனலா கொதிக்குது, அதானே?" போதகரின் மனைவி கண்ணைத் திறக்கவில்லை. "எனக்கு ரெண்டு வருஷமா அதே கதைதான். நீங்க இடம் பிடிச்சதைப் பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. ஏய், தள்ளுங்கடி, தலைவி உக்காரட்டும்!"

நால்வரும் கை விரித்திருந்தபோது போதகர் உள்ளே வந்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அல்லேலூயா! காலங்காத்தால எப்பேர்ப்பட்ட எழுப்புதல்! உங்களுக்காக நான் என்ன செய்யட்டும்?"

"தலைக்கு மேல ஓடுற ஃபேனை அஞ்சுல வைங்க" என்றாள் மனைவி.