ஒன்று வெள்ளை, ஒன்று காவி

வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் வாசலில் அவள் கால் நின்றுவிட்டது.

குரோட்டன்ஸ் செடிகளைச் சுற்றிக் கல் பதித்திருந்தார்கள். உருண்டைக் கற்கள். ஒன்றுக்கு வெள்ளை, அடுத்ததற்குக் காவி.

சுண்ணாம்பு அடித்துவிட்டால் அடையாளம் தெரியாதா என்ன?

அவளுடைய சனத்தில் செத்தவர்களுக்கு வைத்த கற்கள். ஆள் போனால் ஆற்றிலிருந்து ஒரு கல். மலைமேல் கொண்டுபோய் வைத்துவிட்டால் அப்புறம் அதை யாரும் நகர்த்தக் கூடாது. வெளியாள் கண்ணில் படவும் கூடாது.

அவள்தான் காட்டினாள்.

ஃபாரஸ்ட் கார்டு ஜெயசீலனுக்கு. அவள் வீட்டுக் கிழங்கைத் தின்றுவிட்டு அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவன். பதினோரு வீட்டையும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது வழி சொன்னவனும் அவன்தான். முன்னோர் கல் இருந்தால் சட்டத்தில் அதுவே ஆதாரமாம். பட்டா கொடுத்தே ஆக வேண்டுமாம். போட்டோ எடுத்து மேலே அனுப்புவது தன் பொறுப்பாம்.

சனம் முடியவே முடியாது என்றது. அவள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சிச் சம்மதம் வாங்கினாள்.

யாராவது செத்தால்தான் அந்தப் பக்கம் போவார்கள். அவனுக்குக் காட்டிய பிறகு, இந்த மூன்று மாதத்தில் யாரும் சாகவில்லை.

இன்று விசாரணை. அதிகாரியை மலைக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று வந்திருந்தாள்.

பாவி. அவளிடம் வாங்கித் தின்ற கையால்தானே பெயர்த்திருப்பான்.

உள்ளே, அதிகாரி ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். பெண் அதிகாரி, ஊருக்குப் புதிது. ஜெயசீலன் கொடுத்த அறிக்கையை வாசித்துக் காட்டினார். அங்கே போய்ப் பார்த்தானாம். கல் எதுவும் இல்லையாம்.

அவள் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி, நடந்ததைச் சொன்னாள். அழுகையில் பாதி சொல் வரவில்லை.

அது ஆற்றிலிருந்து லாரியில் வந்த கல் என்றான் ஜெயசீலன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதிகாரி அவனை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஃபைலை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

"இதுல உங்க வீட்டாளு கல்லு எதும்மா?"

அவள் கற்களை ஒட்டியே நடந்தாள்.

குழாயடி ஓரத்தில் அவள் மகன் இருந்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், அவன் போனபோது மார்பளவுத் தண்ணீரில் நின்று அவளே தேடி எடுத்த கல். ஒரு பக்கம் கட்டை விரல் பதிகிற அளவுக்குக் குழி. காவியை அப்பியிருந்தார்கள். குழிக்குள்ளும்.

குனிந்து தொட்டால் போதும்.

"காட்டுங்கம்மா," என்றார் அதிகாரி. பேனாவைத் திறந்துவிட்டிருந்தார். "நான் எழுதிக்கிறேன்."

நல்ல குரல். கோபமில்லை, கிண்டலில்லை.

அவனுக்கும் நல்ல குரல்தான். காட்டுங்கக்கா என்று இப்படித்தான் கேட்டான்.

இந்தம்மா நல்லவராகவே இருக்கலாம். இருக்கலாம்தான். ஆனால் அதை எப்படித் தெரிந்துகொள்வது? இவரையும் நம்பிக் காட்டி, நாளைக்கு இந்த ஒன்றும் இங்கே இல்லாமல் போனால்?

சேலைத் தலைப்புக்குள் கையை இழுத்துக்கொண்டாள். நிற்காமல் குழாயைத் தாண்டிப் போனாள்.

"இதுல இல்லீங்க."

அதிகாரி நம்பவில்லை. நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள், பயப்படாதீர்கள் என்றார். இரண்டு தடவை கேட்டார்.

இல்லை என்றே சொன்னாள்.

அவர் ஃபைலைத் திறந்தார். அவள் சொன்னபடியே, கல் இல்லை என்று எழுதினார்.

மலையில் பதினோரு வீட்டாரும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள், அவள் அதிகாரியைக் கூட்டிவந்து காட்டுவாள் என்று.